சேர்ந்து கேட்க வைத்திருந்த பாட்டு

நத்தக்குளத்தில் யாராவது யார் வீட்டுக்காவது போனால், உட்காரச் சொல்வதற்கும் தண்ணீர் கொடுப்பதற்கும் முன்னால், "கேட்டாச்சா, இல்ல இன்னும் வச்சிருக்கீகளா?" என்று விசாரிக்கிற வழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. விளங்க வேண்டுமானால் தங்கபுஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கபுஷ்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சீனித்தாயை விட்டுவிட முடியாது, ஏனென்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் இருந்தது என்றாலும், சீனித்தாய்க்குத் தன் புருஷன் மேல் இருந்த சந்தேகம் மாதிரி முற்றி விளைந்த சந்தேகம் வேறு எந்த வீட்டிலும் இல்லை.

தங்கபுஷ்பம் பாடுவாள். இப்படி ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிற பாட்டு இல்லை அது. அவளுக்கு இருபது வயதுகூட நிரம்பாத ஒரு கோடையில், தெற்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடந்த ஊரெல்லாம் அவள் கச்சேரிதான். சுவரெல்லாம் 'கானமணி தங்கபுஷ்பம்' என்று போஸ்டர். அவள் மேடையேறி, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, மைக்கை விட்டுச் சற்றுத் தள்ளியே நின்று வாயைத் திறந்தால், வெற்றிலை போட்டிருந்தவர்கள் துப்ப மறந்தார்கள், கடலை விற்க வந்தவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு விற்க மறந்தார்கள், பங்காளிச் சண்டையில் காலகாலமாக முகம் பார்க்காதவர்கள் பக்கத்தில் இருப்பது யாரென்றுகூடப் பார்க்காமல் தோளில் சாய்ந்து அழுதார்கள். என்ன கேட்டோம் என்று பிறகு யாருக்கும் விவரிக்கத் தெரியவில்லை. நெஞ்சுக்குள் நெடுநாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போய்விட்டது என்று மட்டும் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட பாட்டைக் கேட்ட கூட்டம் சும்மா இருக்குமா? விசிலடித்து, துண்டை வீசி, ஒன்ஸ்மோர் கேட்டது. ஒன்ஸ்மோர் கேட்காவிட்டால் பாட வந்தவர்களுக்கு மரியாதை இல்லை என்று நினைக்கிற சனங்கள். அவளும் சிரித்துக்கொண்டு மறுபடி பாடினாள். ஆர்மோனியம் கேட்டது, தபேலா கேட்டது, தங்கபுஷ்பத்தின் குரல் மட்டும் கேட்கவில்லை. வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் இல்லை. மைக் போய்விட்டது என்று மைக் செட்காரர்களை அடித்தார்கள். அடுத்த ஊர்க் கொடையில், முந்தின ஊரில் கேட்டுவிட்டு ஆசையாகப் பின்னாலேயே வந்தவர்களுக்குக் கேட்கவில்லை, புதிதாக வந்தவர்களுக்குக் கேட்டது. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், அதற்குமேல் அந்தக் குரல் அந்த ஆளுக்கு இல்லை என்பது இப்படித்தான் மெள்ள மெள்ளத் தெரியவந்தது.

தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கேசட் போட்டார்கள். முதல் தடவை பாடியது, இரண்டாவது தடவை வெறும் இசைதான் வந்தது. வாங்கியவர்கள், காதில் பூச்சுற்றிவிட்டார்கள் என்று கடைக்காரர்களிடம் சண்டைக்குப் போனார்கள், கடைக்காரர்கள் சாக்கு மூட்டையில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்கள். சினிமாவில் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் ஒத்திகையில் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா இருந்த இத்தனை நாளா?" என்றார். ரெக்கார்டிங் சமயத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, "பாடும்மா, பாடும்மா" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கோடையில் அவளைக் கூப்பிட ஆளில்லை. தெற்கே இருந்தவர்களெல்லாம் கேட்டு முடித்திருந்தார்கள். ஏமாற்றுக்காரி, டேப்பை ஓடவிட்டு வாயசைத்தவள் என்ற பெயர் மட்டும் மிச்சம் இருந்தது.

நத்தக்குளம் மட்டும் அவளைக் கேட்டிருக்கவில்லை. முதல் மரியாதை மேலத் தெருவுக்கா கீழத் தெருவுக்கா என்று கோர்ட்டில் வழக்கு நடந்து, கொடையே நின்றுபோயிருந்த ஊர் அது. கொடை இல்லாத ஊரில் கச்சேரி ஏது? தங்கபுஷ்பத்தின் சித்தி ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் நிழலில் தங்கபுஷ்பம் வந்து தங்கி, தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, சித்தி செத்த பிறகும் அந்த ஓட்டு வீட்டிலேயே தங்கிவிட்டாள். சூனியக்காரி என்றார்கள் முதலில். பிறகு, கேட்டவர்கள் வெளியூரில் எப்படி ஆனார்கள் என்ற கதையெல்லாம் வந்துசேர்ந்ததும் ஊர் வேறு மாதிரி யோசித்தது. ஒரு ஊரே கேட்காமல் மிச்சம் வைத்திருக்கிறது என்றால் அது சொத்து இல்லாமல் வேறென்ன?

அதிலிருந்துதான் வழக்கங்கள் பிறந்தன. அவள் வேலை பார்த்துக்கொண்டே முணுமுணுத்துவிடுவாளோ என்று பயந்து தீப்பெட்டி ஆபீஸில் பெண்கள் காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், "புள்ள இன்னும் கேக்கலைல்ல?" என்று விசாரித்தார்கள். சிலர் கல்யாணத்துக்கு வைத்திருந்தார்கள், சிலர் மகன் ராணுவத்திலிருந்து திரும்பும் நாளுக்கு. பெரும்பாலோர் சாகும்போது கேட்கலாம் என்று வைத்திருந்தார்கள். அதனால் நாளாவட்டத்தில் தங்கபுஷ்பத்துக்கு உயிர் போகிற வீடுகளில் பாடுகிற வேலை வந்து சேர்ந்தது. அந்த வீட்டார் முதலில் ஒரு தாம்பாளத்தில் பஞ்சை வைத்துத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும், பிறகுதான் அவளை அழைக்க வேண்டும். அவள் வெள்ளைச் சேலை கட்டித் தெருவில் நடந்தால் வீட்டுக் கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். கேட்டுவிட்டுப் போகிறவர்கள் முகத்தில் ஒரு சிரிப்போடு போனார்கள். கேட்டுவிட்டுப் பிழைத்து எழுந்தவர்களும் உண்டு. அவர்கள்தான் பாவம், அநியாயமாகச் செலவாகிப்போச்சே என்று டாக்டரைத் திட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

சொத்து என்று ஆனால் திருட்டும் உண்டல்லவா? சாவு வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டவன் யார், பஞ்சை வைத்த மாதிரி வைத்து எடுத்தவள் யார் என்று ஊரே ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தது. கொஞ்சம் சாந்தமாக யாராவது பேசிவிட்டால் போதும். "என்னளா, கொரலு இறங்கியிருக்கு, கேட்டுட்டியா?" என்று மடக்குவார்கள். அதற்குப் பயந்தே நல்ல சுபாவக்காரர்கள்கூட வாசலில் நின்று வீணாகச் சண்டை போட்டார்கள்.

சீனித்தாய் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் அய்யாத்துரைக்குப் பக்கத்து டவுனில் எலெக்ட்ரிக் சாமான் கடை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் மைக் செட்டில் வேலை பார்த்தவர். பெண் பார்க்க வந்தபோது சீனித்தாய் காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே, பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல், "ஊரு ஊரா கொடைக்கெல்லாம் போயிருக்கீக. அவுக பாடி நீங்க கேக்காமயா இருந்தீக?" என்றாள்.

"கேக்கல. ஜெனரேட்டர் பக்கத்துலதான் நிப்பேன். அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கவன் பேசுறதே கேக்காது" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வச்சிருக்கேன். கட்டிக்கப் போறவளோட சேந்து கேக்கணும்னு" என்றார்.

இந்த ஒரு சொல்லுக்குத்தான் சீனித்தாய், சிவகாசியில் சொந்த அச்சகம் வைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு இவருக்குக் கழுத்தை நீட்டினாள். அதனால்தான் அந்தச் சொல் பொய்யாக இருந்துவிடக் கூடாது என்று அவளுக்கு அப்படி ஒரு பயம். பயம் இருக்கிற இடத்தில் சந்தேகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தலை சீவிக்கொண்டிருக்கும்போது சில நாள் அவர் சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்று எதையோ நினைத்துச் சிரிப்பார். எதை? புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. ஒலிபெருக்கிக் குழாய் கட்டக் கம்பத்தில் ஏறியபோது விழுந்தது என்பார். ஒன்ஸ்மோர் கேட்ட ஊரில் மைக் செட்காரர்களுக்கு அடி விழுந்ததே, அதில் விழுந்தது இல்லை என்று யார் கண்டது? தங்கபுஷ்பம் எதிரே வந்தால் அவர் நடை தளர்கிறது. கேட்டவர்களுக்குத்தானே அவளைக் கண்டால் நடை தளரும்?

"இப்பவே கேட்ருவமா சீனி?" என்று அவர் கேட்காமல் இல்லை. மகள் பிறக்கட்டும் என்றாள். மகள் பிறந்ததும், அவள் பேசட்டும் என்றாள். மகள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனதும், வீட்டை இடித்துக் கட்டிவிட்டுப் பார்ப்போம் என்றாள். அவள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கேட்காதவரைக்கும் அவர் பொய்யர் இல்லை. கேட்கிற அன்றைக்கு அவருக்கு அந்தக் குரல் கேட்காவிட்டால், அத்தனை வருஷத்துக் குடித்தனமும் ஒரு பொய்யின் மேல் கட்டியது என்றாகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது.

அய்யாத்துரைக்கு நெஞ்சு வலி வந்தது. இருதயத்தைத் திறந்து ஆப்பரேஷன் செய்ய வேண்டும், பிழைக்கிறதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதி என்று மதுரையில் டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த அய்யாத்துரை வேட்டியை மாற்றிக்கொண்டு, "இனிமே தள்ளிப்போட நாளில்ல சீனி. போறதுக்கு முன்னாடி சேந்து கேட்ருவோம்" என்றார். அப்போதும் சீனித்தாய்க்கு அழுகை வரவில்லை. இவ்வளவு துணிச்சலாகக் கேட்கிறாரே, நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை நடித்துவிடலாம் என்று நினைக்கிறாரா என்றுதான் மனசு ஓடியது.

மறுநாள் காலையில் பஞ்சுத் தாம்பாளத்தோடு தெருவைச் சுற்றிவிட்டுத் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போனாள். தங்கபுஷ்பம் தலை நரைத்து, தீப்பெட்டி மருந்தில் விரல்கள் கறுத்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி? ஒம் புருசனுக்கா? அம்புட்டுக்கு முடியாம போச்சா?"

"போகலக்கா. ரெண்டு பேருக்கும். சேந்து."

தங்கபுஷ்பம் சுளகைக் கீழே வைத்தாள். "ரெண்டு உசுரு சுய நெனப்போட எதிர்ல உக்காந்து நான் பாடி எத்தன காலமாச்சு தெரியுமா? சாகக் கெடக்கவங்களுக்கே பாடிப் பாடி, எம் பாட்டுக்கே பொண வாடை வந்திருக்கும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." உடனே அதட்டினாள். "இந்தா, இருமல் கிருமல் இருந்தா இப்பவே சொல்லிரு. அடுப்புல பால வச்சிட்டு வந்து உக்காராத. ஒரே தடவதான்."

"ஒங்களுக்கும் கேக்காதாமேக்கா?"

"எனக்கா? சின்னப் புள்ளையில கம்மாய்க்கரையில ஆடு மேய்க்கும்போது ஒரு தடவ கேட்டது. அம்புட்டுத்தான். அதுக்குப் பொறகு தொண்டை நடுங்குறத வச்சுத்தான் பாடுதேன். எதிர்ல இருக்கவங்க மூஞ்சியில தெரியும் எம் பாட்டு எப்படி இருக்குன்னு." அவளுக்கு வேறு வழியும் இல்லை.

வெயில் ஏறுவதற்கு முன்னால் தங்கபுஷ்பம் வந்தாள். வெள்ளை கட்டாமல், பெட்டியின் அடியில் கிடந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. சாத்தின கதவுக்குப் பின்னால் எல்லோரும் காதில் பஞ்சோடு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் பஞ்சை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாத்துரை வெளுத்த சட்டை போட்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சீனித்தாய் பக்கத்தில் உட்காராமல், அவர் முகம் தெரிகிற மாதிரி, சற்றுத் திரும்பி உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் நின்றபடியே கண்ணை மூடித் திறந்து, பாடத் தொடங்கினாள்.

குரல் கேட்டது என்பது சீனித்தாய்க்குத் தெரிந்தது. ஆனால் அவள் கண் முழுக்க அய்யாத்துரையின் முகத்தில் இருந்தது. தங்கபுஷ்பத்தின் வாய் திறந்ததும் அவர் புருவம் உயர்ந்தது. வாயைப் பார்த்து உயர்த்தினாரா, சத்தத்தைக் கேட்டா? குரல் ஏறியது. அவர் தலை அசைந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தி அசைந்ததோ? கண்ணில் நீர் கோர்த்தது. ஆப்பரேஷன் பயத்தில் வந்த கண்ணீராகவும் இருக்கலாம். சீனித்தாய், மேலே எழும் குரலையும் கீழே இறங்கும் குரலையும் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு, அவர் கன்னத்தை, உதட்டை, தொண்டைக் குழியை, பாயில் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக அளந்தாள். அப்புறம் அய்யாத்துரை கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணை மூடிவிட்டால் வாயசைவைப் பார்த்து நடிக்க முடியாதே! சீனித்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஓரிடத்தில் குரல் கீழே கீழே இறங்கி, இல்லாமலே போகிற மாதிரி நின்றது. மூடிய கண்ணோடு அவர் கை தானாக மேலே எழுந்து, காற்றில் அப்படியே நின்றது. குரல் மறுபடி எழுந்தபோதுதான் அந்தக் கை இறங்கியது. கேட்காதவர்களுக்கு இது முடியாது. எந்த நடிகனாலும் முடியாது.

சொன்னது சத்தியம், மனுஷன் பொய் சொல்லவில்லை, ஆயுசு முழுக்க வைத்திருந்திருக்கிறார் எனக்காக, என்று சீனித்தாயின் நெஞ்சு பொங்கியது. இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, இனி நாமும் கேட்போம் என்று பெருமூச்சு விட்டுத் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். தங்கபுஷ்பத்தின் உதடுகள் மூடியிருந்தன. பாட்டு முடிந்துவிட்டது.

ஒரு வரிகூட அவளுக்கு நினைவில் இல்லை. நெஞ்சுக்குள் எது உட்கார்ந்திருந்ததோ அது அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஊரே கட்டிக் காத்த சொத்தை, அவளும் அவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, தராசுப் படிக்கல்லாகப் பயன்படுத்திவிட்டுத் தீர்த்துவிட்டாள். அய்யாத்துரை சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் எதையும் சாப்பிடாமல் கிளம்பினாள். வாசல்வரை வந்த சீனித்தாயிடம், உள்ளே இருப்பவருக்குக் கேட்காதபடி சொன்னாள். "எத்தனையோ சனத்துக்குப் பாடியிருக்கேன். என் மேல செருப்ப வீசினவன்கூட முழுசாக் கேட்டுட்டுத்தான் வீசினான். எம் பாட்டுக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, பாட்ட விட்டுட்டு, புருசன் மூஞ்சிய அளந்தவ நீ ஒருத்திதான்." அவளுக்குக் கோபம் வந்து சீனித்தாய் பார்த்தது அதுதான் முதல் தடவை. பச்சைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை மறுபடி பாடச் சொல்லிப் பயனில்லை என்பது சீனித்தாய்க்குத் தெரியாதா?

அன்று மத்தியானமே மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். அய்யாத்துரை நோயாளி மாதிரியே இல்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கரிசல் காட்டையும் புளியமரங்களையும் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சீனி, கீழ எறங்கி எறங்கி, போயே போச்சுன்னு நெனைக்கும்போது எந்திரிச்சு வந்துச்சே கொரலு, அந்த எடத்துல ஒனக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான்னா?"

"நல்லா இருந்துச்சுங்க. பேசாம வாங்க. டாக்டரு பேசக் கூடாதுன்னிருக்காரு."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இத்தனை காலம் அவரைப் பார்த்தாளே, அதே பார்வை. அது தன் மேல் விழும்போது எப்படி இருக்கும் என்று சீனித்தாய்க்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீ அழல" என்றார். "கண்ணுகூடக் கலங்கல. முடிஞ்ச பொறகு நான் பாத்தேன். கேக்காதவ மாதிரி உக்காந்திருந்த."

"கேட்டேன்."

"இம்புட்டு வருசமா தள்ளித் தள்ளிப் போட்டியே. மக பொறக்கட்டும், வீடு கட்டட்டும்னு. அப்பல்லாம் எனக்கு ஒன்னும் தோணல." அவர் குரல் பதறவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பக்கத்து வீடு வேற. நீ முன்னாடியே கேட்டுட்ட, இல்ல? யாரு கூடக் கேட்ட?"

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உங்களை நம்பாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கல்யாணமான நாளிலிருந்து நம்பவே இல்லை என்று, நாளைக்கு நெஞ்சைத் திறக்கப்போகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"ஒங்க கூடத்தான் கேட்டேன்" என்றாள்.

அது சத்தியம். சொல்லி முடித்தபோது அவள் காதுக்கே அது பொய் மாதிரி ஒலித்தது. அய்யாத்துரை அவளுக்கும் தனக்கும் நடுவில் சீட்டில் சோற்றுப் பையை எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது கதவுவரை அவள் கூடவே நடந்தாள். நர்ஸ் போதும் என்று நிறுத்தினாள். அவர் அவள் கையைப் பிடித்தார், பயத்தில் பிடிக்கிறார் என்று நினைத்து அவள் குனிந்தாள்.

"இப்பவாவது சொல்லு சீனி" என்றார், "யாரு கூட?"